முப்பத்தைந்தரை மாணவர்கள்

உஷாராணி எண்ணாமல் எதையும் நம்ப மாட்டாள். பசாரில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கினால் கட்டை அவிழ்த்து எண்ணிவிட்டுத்தான் பையில் போடுவாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் சோறு விழுவதற்குள் வரிசையில் எத்தனை பேர் என்று அவள் கண் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்துவிடும். "உன்கூட வாழுறதும் ஒண்ணுதான், ரோட்பிளாக்ல நிக்கிறதும் ஒண்ணுதான்" என்பான் அவள் கணவன் புவனேந்திரன். அவன் லோரி ஓட்டுகிறவன், போலீஸ் சோதனைக்கு நிறுத்தும் ரோட்பிளாக் பார்த்து நொந்தவன்.

இது பிறவிக் குணம் இல்லை, தோட்டம் கொடுத்த பழக்கம். டுரியான் துங்காலுக்கு உள்ளே நாலு மைல் தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்தொன்பது வயதில் ஆப்பீஸ் கிராணியாக, அதாவது எழுத்தராக, உட்கார்ந்தாள். பதினோரு வருஷம், தினமும் காலை ஐந்தரைக்குப் பெரட்டு. தொழிலாளர் எல்லாரும் ஆப்பீசுக்கு முன்னால் வரிசையில் நிற்க, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆள் எடுப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். நின்றவருக்குப் பேர் விழும், அதாவது அன்றைய கூலி உண்டு; நிற்காதவருக்கு விழாது. மத்தியானம் ரப்பர் பால் கொண்டுவந்து நிறுக்கும்போது இன்னொரு முறை பார்ப்பார்கள். காலையில் வந்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ கோர்ட்டில் கேஸ் என்றோ பாதியில் போனவருக்கு அரைப் பேர். பதிவேட்டில் நூற்றுப் பத்துப் பெயர் இருக்கலாம். களத்தில் எண்பத்து மூன்று பேர் நின்றால் அன்றைக்குத் தோட்டத்தில் எண்பத்து மூன்று பேர்தான்.

தொண்ணூற்று நான்கில் அந்தத் தோட்டத்தை வீடமைப்புக்காரரிடம் விற்றார்கள். உஷாராணி கண்ணீர் விட்டாள் என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் விடவில்லை. இனி ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் ஒரு வாரம் ஏழு மணிவரை தூங்கினாள். அதற்கப்புறம்தான் கவலை வந்தது.

அந்தச் சமயத்தில் ஆயர் குரோவில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பல்கலைக்கழகம் எழும்பிக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம், வீண் வம்பு. தொண்ணூற்று ஆறில் அங்கே திட்டமிடல் பிரிவில் கிராணி வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. தொண்ணூற்று ஒன்பது கடைசியோடு முடியும். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் ஒரு டிப்ளோமாவாவது இருக்க வேண்டும் என்று நியமனக் கடிதத்திலேயே போட்டிருந்தது. அவளிடம் இருந்தது பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். மட்டும்தான். கடிதத்தை அவள் இரண்டு முறை படித்து, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அவளுடைய மேலதிகாரி துணைப் பதிவாளர் சாமிநாதன். எவ்வளவு வெயிலாக இருந்தாலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்க?" என்று கேட்பார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். எண்ணுகிற கிராணியும் ஆதாரம் கேட்கிற அதிகாரியும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அந்தப் பிரிவுக்கு யாரும் தேநீர் குடிக்கக்கூட வருவதில்லை.

சேர்ந்த மூன்றாம் மாதமே பல்கலைக்கழகம் தனக்கு ஓர் ஐந்தாண்டு வியூகத் திட்டம் போட்டுக்கொள்ள முடிவு செய்தது. இப்படி ஒரு காரியம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லாத் துறைத் தலைவர்களையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிப் போர்ட் டிக்சன் ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் அடைத்து வைப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து ஆளுக்குப் பத்து வண்ண அட்டைகள் கொடுப்பார். நம் பலம் என்ன, பலவீனம் என்ன என்று எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பலம் பகுதியில் சுவர் போதாது. பலவீனம் பகுதியில் 'கார் நிறுத்த இடம் இல்லை' என்ற ஒரே அட்டை தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தொலைநோக்கு. 'உலகத் தரம் வாய்ந்த பல்கலைக்கழகம்' என்று ஒரு கட்சி, 'உலகின் முன்னணிப் பல்கலைக்கழகம்' என்று ஒரு கட்சி. அப்போது மொத்தம் நானூற்றுச் சொச்சம் மாணவர்கள்தான். கான்டீனுக்குக் கூரைகூட முழுதாகப் போட்டு முடியவில்லை. ஆனாலும் ஒரு காலைப்பொழுது முழுதும் சண்டை. தட்டெழுத்துக்காகக் கூட்டிப் போயிருந்த உஷாராணி அந்த ஒரு வரியை மட்டும் பதினாறு முறை அடித்தாள், எண்ணித்தான் சொல்கிறேன்.

தொலைநோக்குக்குக் கீழே ஏழு தூண்கள், தூண்களுக்குக் கீழே ஐம்பத்திரண்டு இலக்குகள். ஒவ்வொரு இலக்குக்கும் இன்று எங்கே நிற்கிறோம், எந்த வருஷத்துக்குள் எங்கே போக வேண்டும், போய்ச் சேர்ந்ததை எதை வைத்து அளப்பது, பொறுப்பு யார் என்று நாலு கட்டம். இந்தக் கட்டங்கள் உஷாராணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோல் மாதிரியே இருந்தன.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. மூன்றாம் நாள் அவசரத்தில் ஆலோசகர் தன்னிடமிருந்த பழைய டிஸ்கெட் ஒன்றைக் கொடுத்து, "இதை வச்சு மிச்சத்தை நிரப்பிடுங்க" என்றார். கோலாலம்பூர்க் கல்லூரி ஒன்றுக்கு அவர் செய்த திட்டம் அது. முப்பத்தோராம் இலக்கை அடிக்கும்போது அந்தக் கல்லூரியின் பெயர் அப்படியே இருந்ததைப் பார்த்து உஷாராணி திருத்தினாள். மற்றது இங்கே பொருந்துமா என்று யாரும் பார்க்கவில்லை. அவளும்தான்.

முப்பத்தோராம் இலக்கு இது: சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யும் மக்களுக்காக மாலைநேர நிர்வாக டிப்ளோமா. வகுப்பு ஏழு மணி முதல் ஒன்பதரை வரை. மாணவர்கள் அறுபது. இரண்டே வருஷத்தில் நாற்பது பேர் பட்டம் வாங்க வேண்டும். அதை அடித்து முடித்தபோது உஷாராணியின் விரல் நின்றது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம் ஞாபகம் வந்தது.

தொண்ணூற்று ஏழு ஜூலையில் வகுப்பு தொடங்கியது. முதல் விண்ணப்பம் அவளுடையதுதான். பக்கத்து இருக்கையில் பாயா ரும்புட்டிலிருந்து வந்த ஷாமினி. இருபத்து மூன்று வயது, ஆயர் குரோ எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வருவாள். பையில் எப்போதும் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, இருக்கும், ஒன்று உஷாராணிக்கு.

திட்டமிடல் பிரிவுச் சுவரில் பெரிய பலகை ஒன்று மாட்டினார்கள். ஐம்பத்திரண்டு வரிசை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துறையும் அறிக்கை அனுப்பும், உஷாராணி அதைப் பார்த்துப் பின் குத்துவாள். இலக்கை முழுதாக எட்டினால் பச்சை. முக்கால் பங்குக்கு மேலே இருந்தால் மஞ்சள். அதற்குக் கீழே எல்லாம் சிவப்பு. ஒரு வருஷத்தில் மூன்று டப்பா பச்சைப் பின் தீர்ந்தது. சிவப்பு டப்பா மூடி திறக்காமலே இருந்தது. அறிக்கைகளில் தோல்வி என்ற பேச்சே கிடையாது. கட்டாத கட்டடம் 'நடந்துகொண்டிருக்கிறது', எழுதாத ஆய்வு 'முதிர்ந்துகொண்டிருக்கிறது'. மாலைநேர டிப்ளோமாவுக்குப் பொறுப்பான தனபாலன் 'மாணவர் அறுபத்தொருவர்' என்று அனுப்பினார். பச்சை.

உஷாராணிக்குக் கை கூசும். வகுப்பில் அவள்தானே உட்கார்ந்திருக்கிறாள்? அறுபத்தொருவர் பதிவேட்டில் இருந்தார்கள். நாற்காலியில் இல்லை. காரணமும் அவளுக்குத் தெரியும். டுரியான் துங்காலுக்கும் பாயா ரும்புட்டுக்கும் கடைசி பஸ் எட்டரைக்குள் போய்விடும். வகுப்பு முடிவது ஒன்பதரைக்கு. காடி, அதாவது கார், இருப்பவர்கள் கடைசிவரை இருப்பார்கள். இல்லாதவர்கள் எட்டு மணிக்கு நோட்டை மூடிக்கொண்டு, முதுகை வளைத்து, விரிவுரையாளர் பார்க்காதபோது நழுவுவார்கள். புவனேந்திரன் ஊரில் இருக்கும் நாளில் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப் போவான். அவன் ஜோகூர் பாசிர் கூடாங்குக்குச் சரக்கு ஏற்றிப் போன நாளில் உஷாராணியும் நழுவுகிற கூட்டம்தான்.

தொண்ணூற்று எட்டில் நாடே தடுமாறியது. ரிங்கிட் மதிப்பு விழுந்தது, பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டியது வரவில்லை. திட்டத்தை நடுவழியில் மறுபரிசீலனை செய்து, ஜூன் கூட்டத்தில் சிவப்பில் நிற்பதையெல்லாம் வெட்டிவிடுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. உடனே சாமிநாதன் உஷாராணியைக் கூப்பிட்டார்.

"இந்த வாட்டி அறிக்கைய நம்பி பின் குத்தக்கூடாதும்மா. ஒவ்வொண்ணுக்கும் நேர்ல போயி ஆதாரம் எடுத்துட்டு வா. பேப்பர்ல எத்தன பேருன்னு வேணாம், உண்மையில எத்தன பேரு."

நாலு வருஷம் கழித்து அவளை மறுபடி பெரட்டுக் களத்துக்கு அனுப்பிவிட்டார், பாவம், அவருக்குத் தெரியாது.

ஆய்வகத்துக்குப் போனாள், நூலகத்துக்குப் போனாள், எண்ணினாள். மாலை வகுப்பின் முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு வாசலில் நீள நோட்டோடு நின்று எண்ணினாள், தன்னையும் சேர்த்து நாற்பத்தேழு பேர். அன்றைக்குப் புவனேந்திரன் ஜோகூரில். எட்டு மணிக்கு அவளும் கிளம்ப வேண்டியதாயிற்று. பஸ் நிறுத்தத்தில் நின்று, மரத்தடி இருட்டில் நின்றவர்களையும் விடாமல், தன்னையும் சேர்த்து எண்ணினாள். இருபத்து மூன்று.

"அக்கா, இங்கயும் கணக்கா?" என்றாள் ஷாமினி.

"பேசாத, விட்டுப் போயிரும். நீ பதினெட்டு."

மறுநாள் காலை கேட்டில் இருந்த காவலாளியிடம் விசாரித்தாள். ஒன்பதரைக்கு இருபத்து நாலு பேர் வெளியே போனதாக அவர் எழுதி வைத்திருந்தார். கணக்கு நேராக வந்தது. கடைசிவரை இருந்த இருபத்து நாலு பேருக்கு முழுப் பேர். பாதியில் போன இருபத்து மூன்று பேருக்கு அரைப் பேர். கூட்டினாள். முப்பத்தைந்தரை. கை தன் பாட்டுக்குக் கட்டத்தில் எழுதியும் விட்டது.

அன்று மாலை வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சுருக்கென்றது. அறுபதில் முக்கால் பங்கு நாற்பத்தைந்து. முப்பத்தைந்தரை என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் வெட்டு. வகுப்பு போனால் டிப்ளோமா போச்சு, டிப்ளோமா போனால் அடுத்த வருஷக் கடைசியில் வேலையும் போச்சு.

புவனேந்திரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அரை மாணவனா? மேலயா கீழயா?"

"சிரிக்காதீங்க. என் பொழப்பு போவுது."

"இதுக்கு ஏன்லா மண்டைய ஒடச்சிக்கிற? நாப்பத்தேழு பேரு வந்தாங்கதானே? நாப்பத்தேழுன்னு போடு. மஞ்சள். பொய்யும் இல்ல."

பொய் இல்லைதான். அதுதான் தொல்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்து, 47 என்று போட்டு, அச்செடுத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். மஞ்சள் பின்னோடு வகுப்பு அப்படியே ஓடும். அடுத்த செவ்வாயும் ஷாமினி எட்டு மணிக்கு முதுகை வளைத்து நழுவுவாள். பாதிப் பாடம் கேட்டு முழுப் பரீட்சை எழுதுவாள். எழுதித் தோற்பாள். போன தவணையில் இரண்டு பாடத்தில் அப்படித்தான் தோற்றாள்.

அரை நாள் நின்றவனுக்கு முழுப் பேர் போடுகிற கிராணியைத் தோட்டத்தில் என்னவென்று சொல்வார்கள் என்று உஷாராணிக்குத் தெரியும். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் 47-ஐக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மறுபடி 35½ என்று அடித்தாள். அரைக்குறி அந்தக் கணினியில் எங்கே இருக்கிறது என்று தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு சிவப்பு டப்பாவைத் திறந்து, பலகையில் தன் கையாலேயே குத்தினாள்.

ஜூன் கூட்டம். நீள மேசையைச் சுற்றித் துறைத் தலைவர்கள், தலைமையில் துணைவேந்தர் டாக்டர் நோரைனி. கூட்டக் குறிப்பு எழுத உஷாராணி மூலையில். குறிப்பு எழுதுகிறவர் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி. முப்பதாம் இலக்கு வரைக்கும் வண்டி தடங்கலில்லாமல் ஓடியது. அடுத்த பக்கத்தைத் திருப்பிய டாக்டர் நோரைனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"முப்பத்தைந்தரை மாணவர்கள்?"

மேசை முழுதும் ஒரே சிரிப்பு. யாரோ, அரை மாணவனிடம் அரைக் கட்டணம் வாங்கலாம் என்றார். தனபாலனுக்கு முகம் சுண்டிவிட்டது. சாமிநாதன் டையைத் தளர்த்தினார். அவர் டையைத் தளர்த்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"உஷா, என்னம்மா இது?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்.

அவள் எழுந்தாள். மலாயில் சொன்னாள், பஸ் நேரத்தையும் நழுவுகிற கதையையும் தோட்டத்து அரைப் பேரையும். ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தத் தெரியவில்லை. சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"சரி, யார் அந்த அரை மாணவர்கள்?" என்று கேட்டார் டாக்டர் நோரைனி.

"சாயா புன் செத்தெங்கா, டாக்டர்" என்றாள் உஷாராணி. நானும் ஓர் அரைதான்.

ஒப்பந்த கிராணி ஒருத்தி, தன் படிப்பை வெட்டப்போகிற எண்ணைத் தானே எண்ணித் தானே அடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்பது ஒவ்வொருவருக்காகப் புரிய ஆரம்பித்தது.

"வகுப்பை ஏன் ஏழு மணிக்கு வைத்தோம்?"

தனபாலன் சாமிநாதனைப் பார்த்தார். சாமிநாதன் திட்டப் புத்தகத்தைப் பார்த்தார். ஆதாரம் எங்கே என்று வாழ்நாளெல்லாம் கேட்ட மனிதரிடம் ஆதாரம் இல்லை. கடைசியில் உஷாராணிதான் சொன்னாள், அந்த டிஸ்கெட் கதையை. கோலாலம்பூரில் பத்து மணிக்கும் பஸ் ஓடும். அந்த நேரம் அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்திரண்டு இலக்கை மூன்று நாள் மெனக்கெட்டுப் போட்டவர்களில் ஒருவர்கூடப் பஸ்ஸில் போகிறவர் இல்லை.

டாக்டர் நோரைனி பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "வகுப்பை ஐந்தேகாலுக்கு மாற்றுங்கள். ஏழே முக்காலுக்கு முடியுங்கள். செப்டம்பரில் இவரே மறுபடி எண்ணட்டும். இதே அரைக் கணக்கோடு. அப்போதும் சிவப்பு என்றால் எனக்கு வேறு வழி இல்லை" என்றார்.

விரிவுரையாளர்கள் முணுமுணுத்தார்கள், குடும்பம் பிள்ளைகள் என்று. முணுமுணுப்புக்குப் பலகையில் கட்டம் இல்லாததால் காரியம் நடந்தது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு உஷாராணி வாசலில் நின்றாள். வரிசையாக வந்தார்கள், ஃபேக்டரிச் சட்டையோடும் நகராட்சி ஆப்பீஸ் அட்டையோடும். தன்னைச் சேர்த்து நாற்பத்தாறு. அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி, காவல் வேலைக்குப் போகிறவர்கள். ஆறரைக்குக் கிளம்பிவிடுவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அப்படியென்றால் முழுப் பேர் நாற்பத்து நாலு, இரண்டு அரை சேர்ந்து ஒன்று. ஆக நாற்பத்தைந்து.

முக்கால் பங்குக்கு மேலே இருந்தால்தான் மஞ்சள். நாற்பத்தைந்து சரியாக முக்கால் பங்கு. மேலே இல்லை.

அவளுக்கு அன்றைய பாடம் ஒரு சொல் ஏறவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமினியின் நாற்காலி காலியாக இருந்தது. ஆறரைக்கு அண்ணனும் தம்பியும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நோட்டை மூடிவிடலாமா என்று யோசித்தாள். ஒரு அரைக்கோடு, பேனாவால் ஒரு இழுப்பு, யாருக்குத் தெரியப்போகிறது? சபலம் யாரை விட்டது? ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு வராந்தாவில் தடதடவென்று செருப்புச் சத்தம். நீலக் கோட்டு, வியர்வை, கையில் இரண்டு நாசி லெமாக் பொட்டலம்.

"சாரிக்கா. ஓவர்டைம் போட்டுட்டான் சூப்பர்வைசர். அழுது கெஞ்சி ஓடி வந்தேன்."

உஷாராணி நோட்டைத் திறந்தாள். பாதியில் வந்தவளுக்கும் சட்டம் அதேதான். அரை. நாற்பத்தைந்தரை. ஷாமினியின் பெயருக்கு நேரே அதை எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷாமினி, தான் தாமதமாக வந்ததற்குத்தான் அக்கா வருத்தப்படுகிறாள் என்று நினைத்து இன்னொரு முறை சாரி சொன்னாள்.

அரை மாணவனைப் பார்த்துச் சிரித்த அதே மேசை, அடுத்த கூட்டத்தில் அந்த அரையை இரண்டு முறை சரிபார்த்தது. மஞ்சள். வகுப்பு பிழைத்தது.

ஆனால் ஷாமினி நீடிக்கவில்லை. தொண்ணூற்று ஒன்பது ஜனவரியில் ஃபேக்டரியில் ஆள் குறைத்தார்கள். மிச்சம் இருந்தவர்களை மாலை ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் வரவில்லை, பிறகு ஒரு மாதம் வரவில்லை. பேரை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வந்தது. பக்கத்து நாற்காலியில் உஷாராணி தன் பையை வைத்துக்கொண்டாள், வேறு யாரும் உட்காரக்கூடாது என்று.

அந்த ஆகஸ்டில் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியில் புழுங்கிக்கொண்டு வரிசையில் நின்றவளை ஒலிபெருக்கி பேர் சொல்லிக் கூப்பிட்டது. பதினோரு வருஷம் பேர் கூப்பிட்டவளை யாரோ கூப்பிடுகிறார்கள். வாய் தன்னை மறந்து, பெரட்டில் தொழிலாளர் சொல்வது போலவே, "யெஸ் சார்!" என்று உரக்கச் சொல்லிவிட்டது. மண்டபமே சிரித்தது. மேடையில் டாக்டர் நோரைனியும் சிரித்தபடி பட்டச் சுருளை நீட்டி, மெல்லிய குரலில், "பெனோ" என்றார். முழுசு என்று அர்த்தம். புவனேந்திரன் பின்வரிசையில் நின்று விசிலடித்ததைப் பற்றி அவள் இன்றுவரை பேசுவதில்லை.

திங்கட்கிழமை மாலை வழக்கம்போல் பலகைக்கு முன்னால் நின்றாள். முப்பத்தோராம் இலக்கில் பட்டம் பெற்றவர்கள் என்ற கட்டம். நாற்பது வேண்டும். முப்பத்தொன்பது இருந்தது. சாமிநாதன் பின்னால் வந்து நின்றார். கையில் அவளுடைய நிரந்தர நியமனத்துக்கான படிவம்.

"ஒரு ஆளுதானேம்மா. பச்சையே குத்திரு, யாரு கேக்கப் போறா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆதாரம் எங்க சார்?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டு, படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். உஷாராணி மஞ்சள் பின்னைக் குத்தினாள். குத்திய கையோடு மேசைக்கு வந்து, நீள நோட்டின் பின்பக்கத்தில் இருந்த பாயா ரும்புட் எண்ணைப் பார்த்துத் தொலைபேசியைச் சுழற்றினாள்.

"ஷாமினி? உஷாக்கா பேசுறேன். இப்ப என்ன ஷிஃப்ட்?"

"இப்ப திருப்பி மார்னிங் போட்டுட்டாங்கக்கா. ஏன்க்கா?"

"புது செட்டுக்கு இந்த வாரம்தான் கடைசி. நீ பாஸ் பண்ணதெல்லாம் அப்படியே இருக்கு, மறுபடி எழுத வேணாம். விசாரிச்சிட்டேன். வந்து பேரு குடு."

"எனக்கு எங்கக்கா ஏறப்போவுது. அப்பவே நான் அரை ஆளுதானே."

"அந்த அரையாலதான் கிளாசே நின்னுச்சு, தெரியுமா ஒனக்கு?" இதைச் சொல்ல உஷாராணிக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அன்னைக்கு நீ ஓடி வரலேன்னா சிவப்பு. என்னையும் சேத்து முப்பத்தொம்போது பேருக்கும் சுருள் இல்ல. ஒனக்கு அரை போட்டது இந்தக் கைதான். மிச்ச அரைய வந்து வாங்கிக்கோ."

ஃபேக்டரிப் பஸ்ஸின் ஹாரன் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. ஷாமினி மூக்கை உறிஞ்சினாள்.

"கிளாஸ் இப்பவும் அஞ்சேகாலுக்குத்தானேக்கா?"

"அஞ்சேகாலுக்குத்தான். பஸ் எட்டு இருபதுக்கு" என்றாள் உஷாராணி.